சாக்கெட்டில் பக்கம் இழுக்கும் பைத்தான் நிரல் சரியாக 75 வினாடி நிற்கிறது, ஏன்?

#1 கடைமடை

பைத்தான் 3, லினக்ஸ் மடிக்கணினி. மேட்டூர் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், அப்புறம் கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நாலுக்கும் பிரிச்சு விடுற கனஅடி, எல்லாத்தையும் ஒரே அட்டவணையா போடுற தளம் ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கத்தை இழுத்து எண்களை மட்டும் பிரிச்செடுக்கணும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு உரக்கடை வாசல்ல எல்இடி பலகையில ஓடவிடத்தான்.

நூலகம் எதுவும் இல்லாம வெறும் சாக்கெட்லயே, அதாவது நெட் இணைப்போட கச்சா முனையிலயே, எழுதியிருக்கேன். இது ஓடினதும் ராஸ்பெரி பைங்கற சின்னக் கணினிக்கு மாத்தணும், பிறகு ஈஎஸ்பி32 சில்லுப் பலகையில மைக்ரோபைத்தானுக்கு, அதாவது சிறு பலகைகளுக்கான பைத்தானுக்கு.

கைப்பேசியிலிருந்து எழுதுறதால நிரலை ஒட்ட முடியல, வாயால சொல்றேன். சாக்கெட் திறந்து 80-ஆம் போர்ட்டுக்கு கனெக்ட். கெட் கோரிக்கை, எச்டிடிபி பதிப்பு 1.1, ஹோஸ்ட் ஹெடர், காலி வரி, எல்லாத்தையும் செண்ட்ஆல்ல அனுப்புறேன். அப்புறம் ஒரு வளையம்: ரிசீவ் 1024, வந்ததைச் சேர்த்துக்க, வெறும் பைட் வந்தா வெளியே வா, அச்சடி.

கனெக்ட் உடனே ஆகுது. அனுப்புறதுலயும் பிழை இல்ல. ஆனா அச்சு 75 வினாடி கழிச்சுத்தான் வருது. மூணு தடவை கடிகாரம் வெச்சுப் பாத்தாச்சு, அதே 75. வர்றதும் ஏதோ துண்டுப் பதில், அட்டவணையே இல்ல. என் கணினியிலயே பைத்தானோட எச்டிடிபி சர்வரை ஓடவிட்டுக் கேட்டா கண் சிமிட்டறதுக்குள்ள வருது. இணைய இணைப்புல கோளாறா?

#2 அரசலாறு

ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்தைப் போட்டா நாலு வரி. எதுக்கு இந்தப் பாடு?

#3 குடமுருட்டி

ஈஎஸ்பி32-ன்னு சொல்லிட்டாரே. அங்க எதைப் போட்டாலும் அடியில நடக்கறது தெரியாம திண்டாட வேண்டியதுதான். சாக்கெட்லயே படிக்கட்டும்.

தம்பி, 75-ங்கற எண்ணுலயே பாதி பதில் இருக்கு. அது உங்க நிரலோட எண் இல்ல, இணைப்போட எண்ணும் இல்ல. எதிர்ப்பக்கம் எஞ்சின்எக்ஸ்ங்கற சர்வர் மென்பொருள், சும்மா கிடக்கிற இணைப்பை அது எவ்வளவு நேரம் திறந்து வைக்கும்ங்கற கீப்அலைவ் டைம்அவுட் இயல்பா 75 வினாடி. அப்பாச்சிங்கற சர்வரா இருந்திருந்தா 5 வினாடியில வந்திருக்கும், நீங்களும் நெட் கொஞ்சம் மந்தம்னு விட்டுட்டுப் போயிருப்பீங்க.

எச்டிடிபி 1.1-ல இணைப்பு திறந்தே இருக்கறதுதான் இயல்பு. பதில் அனுப்பினதும் சர்வர் மூடாது, அடுத்த கேள்வி வருமான்னு காத்திருக்கும். உங்க வளையமோ ரிசீவ் வெறும் பைட் தர்றவரைக்கும் சுத்துது. வெறும் பைட்டுக்கு அர்த்தம் எதிராளி இணைப்பை மூடிட்டான்ங்கறது மட்டும்தான், பதில் முடிஞ்சதுங்கறது இல்ல. பதில் முழுக்க முதல் அரை வினாடியிலயே வந்து உங்க பட்டியல்ல கிடக்கு. மிச்ச நேரம் பூரா சர்வர் சலிச்சுப்போய் கதவைச் சாத்தட்டும்னு உக்காந்திருக்கீங்க.

உங்க கணினியில ஏன் தெரியல? பைத்தானோட எச்டிடிபி சர்வர் இயல்பா 1.0 பேசும், ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு தானே மூடிடும். அதனால இந்தப் பிழை அங்க தலைகாட்டவே காட்டாது. சோதனைக்கு அதை நம்பாதீங்க.

ஹோஸ்ட் வரிக்குக் கீழ 'கனெக்ஷன்: குளோஸ்'னு ஒரு ஹெடர் சேருங்க. ஒவ்வொரு வரி முடிவிலயும் 13, 10 ரெண்டு பைட்டும் இருக்கணும், கடைசியில காலி வரிக்கு இன்னொரு 13, 10. மூணு மேற்கோள் குறிக்குள்ள கோரிக்கையை எழுதறவங்களுக்கு 10 மட்டும்தான் போகும். பல சர்வர் பொறுத்துக்கும், சிலது 400, அதாவது கோரிக்கை தப்புன்னு, தரும். அதைவிட மோசம், நிரல்ல உள்தள்ளி எழுதினதுல வரி முன்னாடி ஒட்டிக்கிற இடைவெளி. இடைவெளியோட தொடங்குற ஹெடரை முந்தின ஹெடரோட தொடர்ச்சின்னு சர்வர் எடுத்துக்கும், இல்ல நிராகரிக்கும். ஹோஸ்ட் வரி காணாமப் போனா 1.1-ல 400 நிச்சயம்.

துண்டுப் பதிலோட முதல் வரி என்ன?

#4 கடைமடை

அண்ணே, குளோஸ் போட்டதும் உடனே வந்துடுச்சு. முதல் வரி 301, மூவ்ட் பெர்மனென்ட்லி. கன்டென்ட் லெங்த் 162. லொகேஷன் ஹெடர்ல அதே முகவரி, முன்னால எச்டிடிபிஎஸ்.

#5 அரசலாறு

162-ன்னா எஞ்சின்எக்ஸோட அச்சுப் பக்கம்தான். பதிப்பு எண்ணை மறைச்சு வெச்ச புது எஞ்சின்எக்ஸ் எல்லாம் 301-க்கு அதே 162 பைட்டைத்தான் தரும். எச்டிடிபிஎஸ்ஸோட போர்ட்டான 443-க்குப் போங்க. போர்ட் எண்ணை மட்டும் மாத்திட்டு வெறும் கெட் அனுப்பிடாதீங்க, எச்டிடிபிஎஸ் போர்ட்டுக்கு வெறும் எச்டிடிபி வந்திருக்குன்னு 400 அடிக்கும்.

#6 குடமுருட்டி

வரிசை இப்படி. கிரியேட் கனெக்ஷன்ல தளப்பெயர், 443, டைம்அவுட் 10. எஸ்எஸ்எல் மாட்யூல்ல கிரியேட் டிஃபால்ட் கான்டெக்ஸ்ட். அந்த கான்டெக்ஸ்டோட ராப் சாக்கெட்ல பழைய சாக்கெட்டைக் கொடுத்து, சர்வர் ஹோஸ்ட்நேம்ல தளப்பெயர். அதுக்கப்புறம் பழைய சாக்கெட்டைத் தொடவே கூடாது, புதுசுலதான் எழுதணும், படிக்கணும்.

சர்வர் ஹோஸ்ட்நேம் ஏன்னா, ஒரே ஐபி முகவரியில பல தளம் குடியிருக்கும். எந்தத் தளத்தோட சான்றிதழைக் காட்டணும்னு கைகுலுக்கும்போதே சொல்லணும். ஹோஸ்ட் ஹெடர் பூட்டின பெட்டிக்குள்ள பிறகுதான் போகுது, அதை வெச்சு சான்றிதழைத் தேர்ந்தெடுக்க முடியாது.

டைம்அவுட்டை ராப் செய்யறதுக்கு முன்னாடியே வைங்க, கைகுலுக்கலும் தொங்கலாம். அந்த 10 வினாடி ஒவ்வொரு ரிசீவ் அழைப்புக்கும் தனித்தனி. மொத்தத்துக்கு இல்ல. 9 வினாடிக்கு ஒரு பைட்னு சொட்டுச் சொட்டா அனுப்புற சர்வர்கிட்ட மாட்டினா நாள் முழுக்க ஓடும், டைம்அவுட் வராது. தொடங்கின நேரத்தை, பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரத்துல குறிச்சு வெச்சு, வளையத்துக்குள்ள 30 வினாடி தாண்டினா நீங்களே வெளியே வாங்க.

#7 கோரையாறு

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு கனெக்ட்லயே போகல. கெட் அட்ரஸ் இன்ஃபோ பிழை, மைனஸ் 2. பிங் அடிச்சா போகுதே?

#8 அரசலாறு

தளப்பெயர் இருக்க வேண்டிய இடத்துல எச்டிடிபி, முக்காற்புள்ளி, ரெட்டைச் சாய்கோடு எல்லாத்தோடவும் முழு முகவரியைக் கொடுத்திருப்பீங்க. பெயர் மட்டும். சாய்கோட்டுக்கு அப்புறம் வர்ற பாதை கெட் வரிக்குப் போகணும். விண்டோஸ்ல இதே பிழை 11001-ன்னு வரும்.

#9 கோரையாறு

அதேதான். நன்றிங்க.

#10 குடமுருட்டி

பிழை எண்ணைப் படிக்கப் பழகிட்டா பாதி வேலை மிச்சம். லினக்ஸ்ல 111-ன்னா கணினி இருக்கு, அந்த போர்ட்ல யாரும் கேக்கல. 110-ன்னா பதிலே இல்ல, நடுவுல ஏதோ தடுப்புச்சுவர் பாக்கெட்டை விழுங்குது. 113, வழியே இல்ல. 104, பேசிக்கிட்டிருக்கும்போதே எதிராளி அறுத்துட்டான். விண்டோஸ்ல 111, 110, 104-க்கு ஈடா வர்றது 10061, 10060, 10054. '111-க்கு டைம்அவுட்டை ஏத்திப் பாருங்க'ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அது உடனே வர்ற மறுப்பு, காத்திருந்து ஆகப்போறது ஒண்ணுமில்ல.

#11 கடைமடை

443-ல 200, அதாவது சரிங்கற பதில், வந்துடுச்சு. அட்டவணையும் வருது. ஆனா மூணு சிக்கல்.

ஒண்ணு, கல்லணைக் கால்வாய்க்கு எப்பக் கேட்டாலும் 2000 கனஅடின்னு பிரியுது. பிரௌசர்ல பாத்தா வேற எண். மத்த வரியெல்லாம் சரி.

ரெண்டு, அப்பப்ப யூனிகோட் டிகோட் பிழை, அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் டேட்டா. ஒவ்வொரு ரிசீவுக்கும் உடனே யுடிஎஃப்-8-ல டிகோட் பண்ணித்தான் சரத்தோட சேக்கறேன்.

மூணு, 'கொள்ளிடம்'னு தேடினா இல்லைங்குது. திரையில கண்ணால பாக்கறேன், இருக்கு.

#12 வெண்ணாறு

மூன்றும் மூன்று வெவ்வேறு அடுக்கில் நடக்கும் பிழைகள். இரண்டாவதும் மூன்றாவதும் தமிழ் எழுத்து சார்ந்தவை என்பதால் அவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன்.

யுடிஎஃப்-8 என்பது எழுத்தைப் பைட்டாக எழுதும் முறை, அதில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கண்ணுக்குத் தெரியும் எழுத்து வேறு, குறியீடு வேறு. 'மேட்டூர்' நான்கு எழுத்து. உள்ளே ம, ஏகாரக் குறி, ட, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று 8 குறியீடு, 24 பைட். ஒவ்வொரு மூன்றிலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128 முதல் 191 வரை ஏதாவது. ரிசீவ் 1024 என்று கேட்டால் 1024 பைட்டில் வெட்டித் தரும், எழுத்தைப் பார்த்து வெட்டாது. 1024-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 1. தொடர்ந்து தமிழாக இருக்கும் பகுதியில் வெட்டு விழுந்தால் 224 மட்டும் இந்தப் பக்கம் நிற்கும், மீதி இரண்டு அடுத்த துண்டுக்குப் போகும். தனித்தனியே டிகோட் செய்தால் இரண்டு பக்கமும் உடையும்.

#13 கடைமடை

அப்ப 1023-ன்னு வெச்சுட்டா சரியாயிடுமா அக்கா?

#14 வெண்ணாறு

ஆகாது, இரண்டு காரணம். பக்கத்தில் எச்டிஎம்எல் குறிச்சொற்கள், எண்கள், இடைவெளி எல்லாம் ஒரு பைட் எழுத்துகள், அவை கணக்கைக் கலைத்துவிடும். அடுத்தது, 1023 என்பது உச்சவரம்பு மட்டுமே. மதகில் எத்தனை பலகை தூக்கினாலும் வாய்க்காலில் இருக்கிற தண்ணீர்தானே வரும்? 1023 கேட்டால் 1023 வரலாம், 611 வரலாம், 1 வரலாம்.

டிகோட் வரியை வளையத்துக்கு வெளியே எடுங்கள். வளையத்துக்குள் பைட்டாகவே சேருங்கள், எல்லாம் வந்த பிறகு ஒரே ஒரு முறை டிகோட். பிழையைத் தவிர்ப்பதற்காக 'இக்னோர்' என்ற தேர்வைச் சேர்க்கச் சொல்லி எங்கேயாவது படித்திருப்பீர்கள். அது பிழைச்செய்தியை மட்டும் மறைக்கும், உடைந்த எழுத்து சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

கன்டென்ட் லெங்த் ஹெடரும் பைட் கணக்குத்தான். டிகோட் செய்த சரத்தின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பதில் குறைகிறது என்று மலைக்க வேண்டாம்.

இனி கொள்ளிடம். 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் 'கொள்ளிடம்' 27 பைட், இரண்டாவதில் 30. பழைய எழுத்துரு முறைகளில் கொம்பையும் காலையும் தனித்தனியே அடிப்போம் அல்லவா? அங்கிருந்து மாற்றிய தரவில் பிரிந்த வடிவம் இன்றைக்கும் கிடைக்கும். நீங்கள் தட்டச்சு செய்தது சேர்ந்த வடிவம், பக்கத்தில் இருப்பது பிரிந்த வடிவம். கணினி பைட்டைத்தான் ஒப்பிடும்.

யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ், வடிவம் என்எஃப்சி, அதாவது பிரிந்ததைச் சேர்ந்த வடிவமாக்குவது. பக்கத்துக்கும் தேடும் சொல்லுக்கும் இரண்டுக்குமே செய்யுங்கள். மைக்ரோபைத்தானில் அந்த மாட்யூல் இல்லை. இந்தப் பெயர்களுக்குக் கையால் மூன்று மாற்று போதும்: ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்து ஒகரக் குறி, இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்து ஓகாரக் குறி, ஒற்றைக் கொம்பும் ஔகார நீட்டலும் சேர்ந்து ஔகாரக் குறி. அந்த நீட்டல் குறியும் ள என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்று, குறியீடு வேறு. 'ஔ'வுக்குப் பதில் ஒ, ள என்று அடித்துவைத்திருந்தால் எந்த நார்மலைஸும் காப்பாற்றாது.

எண்ணுக்கும் 'கனஅடி'க்கும் நடுவில் இருப்பது சாதாரண இடைவெளிதானா என்றும் பாருங்கள். உடையா இடைவெளி என்றால் குறியீடு எண் 160, சாதாரணத்துக்கு 32.

#15 குடமுருட்டி

இப்ப அந்த 2000. இதுதான் இந்த இழையிலயே ஆபத்தான பிழை, ஏன்னா எந்தச் செய்தியும் தராம பொய் எண்ணைப் பலகையில ஏத்திடும்.

தம்பி, பதிலோட ஹெடர்ல டிரான்ஸ்ஃபர் என்கோடிங்: சங்க்ட்னு இருக்கும், கன்டென்ட் லெங்த் இருக்காது. சரியா?

#16 கடைமடை

ஆமாண்ணே, அப்படியேதான்.

#17 குடமுருட்டி

பக்கம் மொத்தம் எவ்வளவு நீளம்னு சர்வருக்கு முன்கூட்டித் தெரியல. அதனால துண்டு துண்டா அனுப்புது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால அதோட நீளத்தைத் தனி வரியில ஹெக்ஸ் எண்ணா, அதாவது 16 அடிமானத்துல, எழுதும். ஹெக்ஸ்ல 2000-ன்னா நம்ம கணக்குல 8192, அதாவது 8 கிலோபைட், சர்வரோட தேக்கம் நிறைஞ்ச அளவு. நீங்க கனஅடின்னு எடுத்தது துண்டோட நீளம்! கல்லணைக் கால்வாய்ங்கற பெயருக்கும் அதோட எண்ணுக்கும் நடுவுல அந்த 8192-ஆவது பைட் விழுந்திருக்கு. உங்க தேடல் பெயருக்கு அடுத்த முதல் எண்ணை எடுக்குது, 2000 கிடைக்குது. பக்கத்தோட உச்சியிலயும் ஒரு 2000 நிக்கும், கடைசியில தனியா ஒரு 0 இருக்கும், பாருங்க.

நாளைக்கு மேல ஒரு அறிவிப்பு வரி கூடினா வெட்டு வேற இடத்துல விழும். எண்ணுக்கு நடுவுலயே விழுந்தா 12,450-ங்கறது 1-ன்னு ஒரு பக்கமும் 2,450-ன்னு ஒரு பக்கமும் நிக்கும். தமிழ் எழுத்துக்கு நடுவுல விழுந்தா திரும்ப டிகோட் பிழை. அதனால டிகோட் பண்ணி முடிச்சுட்டு 2000-ஐ ரீப்ளேஸ்ல அழிச்சுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. உண்மையிலயே 2000 கனஅடி விட்டா அதையும் அழிச்சிடுவீங்க.

பிரிக்கற முறை: ஒரு வரி படி, 13-10 வரைக்கும். அதுல அரைப்புள்ளி இருந்தா அதுக்கு முன்னால இருக்கறதை மட்டும் எடு. 16 அடிமானத்துல எண்ணாக்கு. 0-ன்னா முடிஞ்சது. இல்லைன்னா சரியா அத்தனை பைட் படி, அதுக்கடுத்த 2 பைட்டை, அந்த 13-10-ஐ, படிச்சுத் தூக்கி எறி. மறுபடி முதல்லருந்து. 'சரியா அத்தனை பைட்'ங்கறதுக்கு ஒரு ரிசீவ் போதாது, வெண்ணாறு சொன்ன மாதிரி குறைவா வரும். சாக்கெட் மேல மேக்ஃபைல் போட்டு அதுல ரீட்லைன், ரீட் ரெண்டையும் பயன்படுத்தினா அந்த வேலையை அதுவே பாத்துக்கும். மைக்ரோபைத்தான்ல சாக்கெட்டுக்கே ரீட்லைனும் ரீடும் இருக்கு.

இதுல ஒரு லாபம் உண்டு. அந்த 0 வந்தாத்தான் பதில் முழுசு. 0 வராம இணைப்பு அறுந்தா பாதிப் பக்கம், கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கிப் போடலாம்.

#18 அரசலாறு

இத்தனை வேலை எதுக்கு? 1.0-ன்னு கேளுங்க. 1.0-ல கேட்டவனுக்கு சங்க்ட் அனுப்பக் கூடாதுன்னு விதியே இருக்கு. இணைப்பையும் தானே மூடிடும். ஹோஸ்ட் ஹெடரை மட்டும் விட்டுடாதீங்க, 1.0-க்குக் கட்டாயமில்லைன்னாலும் ஒரே ஐபியில பல தளம் இருந்தா அது இல்லாம வேற வீட்டுக்குப் போயிடும்.

#19 குடமுருட்டி

உரக்கடைப் பலகைக்கு அது போதும், மறுக்கல. ரெண்டு விஷயம் மட்டும். 1.0-ன்னு கேட்டாலும் எஞ்சின்எக்ஸ் பதிலோட முதல் வரியில 1.1-னுதான் போடும், 'நான் கேட்டதை மதிக்கலையே'ன்னு குழம்ப வேண்டாம். சங்க்ட் வராது. அடுத்தது, கன்டென்ட் லெங்த்தும் இல்லாம சங்க்டும் இல்லாம வந்தா இணைப்பு மூடறதுதான் முடிவோட அடையாளம். ஒழுங்கா முடிஞ்சு மூடுச்சா, நடுவுல அறுந்து மூடுச்சான்னு பைட்டைப் பாத்துச் சொல்ல முடியாது. எச்டிஎம்எல் மூடும் குறிச்சொல் கடைசியில இருக்கான்னாவது பாத்துடுங்க.

#20 அரசலாறு

ஒத்துக்கறேன்.

இன்னொண்ணு: பிரௌசர்லருந்து ஹெடர்களை அப்படியே எடுத்து ஒட்டற பழக்கம் இருந்தா அக்செப்ட் என்கோடிங் வரியை எடுத்துடுங்க. ஜிஜிப் சுருக்கம் வாங்கறேன்னு நீங்களே கேட்ட மாதிரி ஆகும். பதிலோட உடல் 31, 139-ங்கற ரெண்டு பைட்ல தொடங்கினா அது ஜிஜிப்தான். யூசர் ஏஜென்ட் வரி மட்டும் ஒண்ணு வைங்க, அது இல்லைன்னா சில சர்வர் 403 தருது.

#21 வெண்ணாறு

எல்லாம் சேர்த்து வரிசையைச் சொல்லிவிடுகிறேன், மாறினால் மேலே பார்த்த பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். ஹெடரையும் உடலையும் முதல் காலி வரியில் பைட்டாகவே பிரிக்க வேண்டும். அடுத்து சங்க்ட் நீக்கம், பைட்டில். ஜிஜிப் இருந்தால் விரிப்பு, அதுவும் பைட்டில். அதன் பிறகே டிகோட், பிறகு என்எஃப்சி, கடைசியாகத் தேடல்.

தேடலுக்குப் பிறகு ஒரு வாசல்காவலும் வையுங்கள். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, வெள்ளக் காலத்தில் மயிரிழை தாண்டும். 0-க்கும் 125-க்கும் வெளியே வந்தால் ஏற்காதீர்கள். நீர் இருப்பு என்றால் முழு அளவு 93.47 டிஎம்சி, அதுவும் வெள்ளத்தில் கொஞ்சம் தாண்டும், வெகுவாகத் தாண்டினால் நம்பவே கூடாது. கல்லணையின் நாலு எண்ணில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போனால் நாலையும் ஏற்காமல் பழைய மதிப்பையே நேரத்தோடு காட்டுங்கள். பாதி புதிது, பாதி பழையது என்று கலந்து காட்டுவதைவிட அது மேல். இந்தக் காவல் அந்த 2000-ஐப் பிடித்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும், கால்வாய்க்கு 2000 கனஅடி நடக்கக்கூடிய எண்தான்.

#22 கடைமடை

சங்க்ட் முறையிலயே எழுதிட்டேன். கால்வாய் எண் பிரௌசரோட ஒத்துப்போகுது. என்எஃப்சி போட்டதும் கொள்ளிடம் கிடைச்சிடுச்சு, பக்கத்துல இருந்தது 30 பைட் வடிவம்தான்.

இப்ப ராஸ்பெரி பைக்கு மாத்தியாச்சு. மின்வெட்டுக்கு அப்புறம் மறுபடி எழுந்தா டிஎல்எஸ்ல, அதாவது எச்டிடிபிஎஸ்ஸோட பூட்டு போடற கட்டத்துல, விழுது. சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட், நாட் யெட் வேலிட்னு சொல்லுது. பத்து நிமிஷம் கழிச்சு அதுவே சரியாகுது. சரிபார்ப்பை நிறுத்திடலாமா?

#23 பாமணியாறு

நிறுத்தாதீங்க. பூட்டு திறக்கலைங்கறதுக்காகக் கதவையே கழட்டற கதை அது.

கோளாறு கடிகாரத்துல. பை 4 வரைக்கும் உள்ள பலகைகள்ல மின்சாரம் போனா ஓடுற கடிகாரமே கிடையாது. பை 5-ல கடிகாரம் இருக்கு, பேட்டரியைத் தனியா வாங்கி மாட்டணும். மின்சாரம் வந்ததும் கடைசியா எழுதி வெச்ச நேரத்துலருந்து எண்ண ஆரம்பிக்கும். ரெண்டு நாள் அணைஞ்சிருந்தா ரெண்டு நாள் பின்தங்கி நிக்கும். அந்த இடைவெளியில தளம் சான்றிதழைப் புதுப்பிச்சிருந்தா உங்க பை கணக்குப்படி அது இன்னும் பிறக்காத சான்றிதழ். இணையத்துலருந்து நேரம் வாங்கற என்டிபி வழியா நேரம் ஒத்தியதும் தானா சரியாயிடும். மோடமும் பையும் ஒரே நேரத்துல எழுந்துக்கறதால இணைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிரல் ஓடிடுது.

டைம்டேட்சிடிஎல் கட்டளை அடிச்சா கடிகாரம் ஒத்தியிருக்கா இல்லையான்னு சொல்லும். சிஸ்டம்டி-ல டைம் வெயிட் சிங்க் சேவையை இயக்கி வெச்சு, உங்க சேவையை டைம் சிங்க் டார்கெட்டுக்கு அப்புறம்னு எழுதினா நேரம் ஒத்தறவரைக்கும் நிரல் தொடங்காது. சில இணைப்புகள்ல யுடிபி 123-ஐ அடைச்சு வெச்சிருப்பாங்க, அங்க என்டிபி-யே நடக்காது. அப்படின்னா டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒண்ணு, சிஆர்2032 காசு பேட்டரியோட. நாலு கம்பி, ஐ-ஸ்கொயர்-சி. 3.3 வோல்ட்ல கொடுங்க. பேட்டரியைச் சார்ஜ் ஏத்தற மின்சுற்றோட சில மலிவுப் பலகை வருது. அதுல சார்ஜ் ஏறாத 2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தா பேட்டரி உப்பிடும்.

ஈஎஸ்பி32-க்கு மாறும்போது இது தலைகீழ். மின்சாரம் வந்ததும் அதோட கடிகாரம் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ல நிக்கும். ஆனா மைக்ரோபைத்தான்ல ராப் சாக்கெட் இயல்பா சான்றிதழைச் சரிபார்க்காது, பிழையே வராது. பிழை வரலைங்கறதால பாதுகாப்பா இருக்குன்னு எடுத்துக்காதீங்க. என்டிபிடைம் மாட்யூல்ல நேரத்தை ஒத்துங்க, அது யுடிசி-ல, அதாவது உலகப் பொது நேரத்துல, வரும். நம்ம நேரத்துக்கு 19,800 வினாடி கூட்டணும்.

நினைவகம் இன்னொண்ணு. ஒரு டிஎல்எஸ் பொதியே 16 கிலோபைட் வரை வரலாம், அதுக்கு மேல பக்கம் முழுசையும் சேர்த்து வெச்சு டிகோட் பண்ண இடம் இருக்காது. துண்டு துண்டாத் தேடி, ஒவ்வொரு துண்டோட வாலையும் கொஞ்சம் மிச்சம் வெச்சு அடுத்ததோட ஒட்டுங்க. 200 பைட் வால் போதும், அட்டவணையில ஒரு வரி அதுக்குள்ள அடங்கும்னா.

#24 கோரையாறு

திரும்ப நானேதான். கனெக்ட் ஆகுது, ராப் சாக்கெட்ல தொங்கி டைம்அவுட். கைப்பேசி ஹாட்ஸ்பாட்ல போட்டா போகுது, வீட்டு இணைப்புல போகல. போர்ட் 80 ரெண்டுலயும் போகுது.

#25 குடமுருட்டி

சின்னப் பாக்கெட் போகுது, பெரிசு போகலைங்கறதோட அடையாளம். கனெக்ட் கைகுலுக்கல் சின்னது, 80-ல வர்ற 162 பைட் 301-உம் சின்னது. டிஎல்எஸ்ல சர்வர் அனுப்பற சான்றிதழ்ச் சங்கிலி சில கிலோபைட், அது முழுப் பாக்கெட்டா வரும்போது வழியில விழுது.

வீட்டு இணைப்பு பிபிபிஓஇ-ங்கற பிராட்பேண்ட் முறையா இருக்கும். ஈதர்நெட் பாக்கெட்டோட உச்ச அளவு 1500 பைட்ல அது 8 பைட்டை எடுத்துக்கும், மிச்சம் 1492. வழியில எங்கேயோ 'இது பெரிசு, சுருக்கி அனுப்பு'ங்கற ஐசிஎம்பி செய்தியை அடைச்சு வெச்சிருக்காங்க, சர்வருக்குத் தகவலே போகல. உறுதி பண்ணணும்னா துண்டாக்காதேங்கற தேர்வோட பிங் அடிங்க. 1472 பைட் போகலை, 1464 போகுதுன்னா அதேதான். அந்த ரெண்டோடவும் தலைப்புக்கு 28 கூட்டினா 1500, 1492 வரும், பாருங்க.

ரௌட்டர்ல பாக்கெட்டைச் சுருக்கச் சொல்ற எம்எஸ்எஸ் கிளாம்ப் இருந்தா போடுங்க, 1452. இல்லைன்னா கணினியோட எம்டியு-வை, அதாவது பாக்கெட் உச்ச அளவை, 1492-க்கு இறக்குங்க, அதுலயும் தொங்கினா 1400. நிரலைத் தொட வேண்டாம், நிரல்ல தப்பே இல்ல.

#26 கோரையாறு

1464 போகுது, 1472 போகல. எம்டியு இறக்கினதும் டிஎல்எஸ் உடனே முடிஞ்சது.

#27 அரசலாறு

கடைமடை, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுக்கறீங்க?

#28 கடைமடை

நிமிஷத்துக்கு ஒரு தடவை.

#29 அரசலாறு

மேட்டூர்ல திறந்தது கல்லணைக்கு வந்து சேர மூணு நாளாகும். நிமிஷத்துக்கு ஒரு தடவை எதைப் பாக்கப் போறீங்க? மணிக்கு ஒண்ணு தாராளம். அதுவும் சரியா மணி அடிக்கும்போது வேண்டாம், 17-ஆவது நிமிஷம் மாதிரி ஏதாவது வைங்க, எல்லாரோட நிரலும் 0-லதான் முட்டுது. பதில்ல லாஸ்ட் மாடிஃபைட் ஹெடர் வந்தா அதை அப்படியே இஃப் மாடிஃபைட் சின்ஸ்ல திருப்பி அனுப்புங்க. மாறலைன்னா 304 வரும், அதுக்கு உடல் கிடையாது, ஹெடர் முடிஞ்சதும் நிறுத்திடணும். 304-க்கும் சங்க்ட் பிரிக்கப் போனா நீள வரி இல்லாத இடத்துல நீளம் தேடி விழும். தோத்தா உடனே மறுபடி முட்டாம 1, 2, 4 நிமிஷம்னு தள்ளித் தள்ளிப் போங்க.

#30 கடைமடை

மணிக்கு ஒண்ணுன்னு மாத்தியாச்சு, 17-ஆவது நிமிஷம். 304-ஐத் தனியாப் பிரிச்சாச்சு. கடிகாரப் பலகை மாட்டி, மின்சாரத்தைப் பிடுங்கி மூணு தடவை எழுப்பிப் பாத்தேன், மூணும் முதல் முயற்சியிலயே 200. கேட்டதுலருந்து அச்சாகறவரைக்கும் ஒரு வினாடி ஆகல.

பலகையில 'கல்லணைக் கால்வாய்'தான் இடிக்குது. புள்ளியெல்லாம் எழுத்துக்குப் பக்கத்துல தனியா நிக்குது.

#31 வெண்ணாறு

அது சாக்கெட் சிக்கல் இல்லை. எல்இடி நூலகம் குறியீடு ஒவ்வொன்றையும் தனிக் கட்டமாக வரைகிறது, புள்ளியை மெய்யின் தலைக்கு ஏற்றத் தெரியவில்லை. பிட்மேப் படமாகப் பெயர்களை முன்கூட்டியே வரைந்து வைப்பதுதான் வழி, மொத்தம் ஐந்தாறு பெயர்தானே. பலகையின் உயரம் எத்தனை பிக்சல் என்று சொல்லித் தனி இழை தொடங்குங்கள்.